பழைய ஆர்மோனியத்தின் பெட்டி: செப்பனிடுவதா, மாற்றுவதா?

முன்னுரை

தமிழர் வழக்கில் ஆர்மோனியத்திற்கு ‘பெட்டி’ என்றே பெயர். அதை இசைப்பவர் பெட்டிக்காரர். அவர் செய்வது பெட்டி வாசிப்பு. அதன் நெருங்கிய உறவான சுருதிக் கருவியும் சுருதிப்பெட்டி என்றே வழங்குகிறது. வீணைக்கோ மிருதங்கத்திற்கோ இத்தகைய பெயர் அமையவில்லை. ஒலி பிறக்கும் உறுப்பு உள்ளே மறைந்திருக்க, அதைச் சூழ்ந்து நிற்கும் கூடே கருவி முழுமைக்கும் பெயராகிவிட்டது. இப்பெயர் வழக்கு தற்செயலானதாயினும், பழுதுபட்ட ஆர்மோனியம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது எழும் முதல் வினாவுக்கு அது மிகவும் பொருத்தமாக அமைகின்றது. பெட்டி கெட்டுவிட்டால் அதை எறிந்துவிட்டு, உள்ளுறுப்புகளைப் புதிய பெட்டியில் பொருத்தினால் போதாதா? இந்நாட்டில் கோயில் பண்டக அறைகளிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் பழைய ஆர்மோனியங்களை முன்வைத்து இவ்வினாவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவி வந்த வழி

ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்தது. 1840களின் தொடக்கத்தில் பாரிசு நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் இப்பெயரில் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். அது காலால் மிதித்து இயக்கப்படும், நாற்காலியில் அமர்ந்து இரு கைகளாலும் வாசிக்கப்படும் கருவி. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கும் இன்றைய வடிவத்தைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. தமிழ் நாடக மேடையில் காலால் மிதிக்கும் வகையும் நெடுநாள் நீடித்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டிய பாட்டுக்கு அதன் உரத்த ஒலி துணைநின்றது.

இக்கருவிக்கு எதிர்ப்பும் இருந்தது. கமகத்திற்கு இடங்கொடாத கருவி என்ற குற்றச்சாட்டு முதன்மையானது. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்திருந்தது. எனினும் மேடை விலக்கியதைப் பஜனைக் கூடம் விலக்கவில்லை. நாடகக் குழுக்களோடும் குடியேறிய குடும்பங்களோடும் மலாயாவுக்கு வந்த ஆர்மோனியம், தோட்டப்புறங்களில் மார்கழிப் பஜனைக்கும் திருவிழா நாடகத்திற்கும் உரிய கருவியாயிற்று. மலாய் மக்களின் பங்சாவான் நாடகமும் ஜொகூர் கசல் இசையும் இதை ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. ஆர்மோனியத்தைச் செப்பனிடும் ஆளைத் தேடுவோர் தமிழர் கடைகளில் மட்டும் தேட வேண்டுவதில்லை. ஜொகூர் கசல் குழுவினரையும் கேட்கலாம்.

மொழியாசிரியர்கள் அறியத்தக்க செய்தி ஒன்றை இங்கே இடையிட்டுக் கூறலாம். ‘அவருக்கு ஐந்து கட்டைச் சாரீரம்’ என்கிறோம். இந்தக் கட்டை ஆர்மோனியத்தின் மரக்கட்டையேயாகும். ‘சி’ எனும் வெள்ளைக் கட்டை ஒன்று. அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் இரண்டு, மூன்று என ஏழுவரை செல்லும். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என அரை எண்களாகும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று எவரும் பாடுவதில்லை. கருவியைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு இத்தொடர் வெறும் மரபுத்தொடராகவே எஞ்சும்.

பெட்டி ஏன் வெறும் உறை அன்று

மின்னணு விசைப்பலகையின் உறை உடைந்தால் அதன் ஒலி மாறுவதில்லை. ஆர்மோனியத்தின் நிலை வேறு. பின்புறத் துருத்தியை அசைக்கும்போது காற்று உள்ளே நுழைந்து, அடியிலுள்ள உள்துருத்தியில் தேங்குகிறது. சுருள்விற்களின் அழுத்தத்தால் அக்காற்று மேலெழுந்து, ‘ரீடு’ எனப்படும் பித்தளை நாவுகள் அமைந்த அறையை நிரப்புகிறது. நாவுகள் ஒரு பலகையின் அடிப்புறத்தில் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். பலகையின் மேற்புறத்தில் ஒவ்வொரு நாவுக்கும் நேராக ஒரு துளை; அத்துளையைத் தோல் ஒட்டிய சிறு மரத்துண்டு மூடியிருக்கும். கட்டையை அழுத்தினால் மூடி எழும். காற்று நாவை அதிர்த்துக்கொண்டு வெளியேறும். ஒலி பிறக்கும்.

இவ்வமைப்பில் காற்றைத் தேக்கிவைக்கும் சுவர் எது? பெட்டியின் பக்கப்பலகைகளும் அடிப்பலகையுமே. எனவே பெட்டி என்பது காற்றுப்பையின் ஒரு பகுதி. மூலைப்பொருத்து ஒன்று மயிரிழை விலகினாலும் துருத்தியை இரட்டிப்பு வேகத்தில் அசைக்க நேரும். மெல்லிய சுரங்கள் பேசத் தயங்கும். நாவுப்பலகை வளைந்தாலோ மூடி சரியாக உட்காராது. கட்டையைத் தொடாமலே ஒரு சுரம் ஓயாமல் ஒலிக்கும். ஆர்மோனியம் ‘அழுகிறது’ என்று பெட்டியை வீட்டுக்குள் வைக்க அஞ்சிய குடும்பம் ஒன்றை இக்கட்டுரையாளர் அறிவார். அங்கே அழுதது மழைக்கால ஈரத்தில் உப்பிய ஒரு மரத்துண்டேயாகும்.

இந்நாட்டுத் தட்பவெப்பமும் மரமும்

மரம் அறுபட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னும் காற்றின் ஈரத்தை உண்டு உமிழ்ந்துகொண்டே இருக்கும். நாரோட்டத்தின் நீளவாக்கில் அது ஏறத்தாழ அசைவதில்லை. குறுக்குவாக்கில் விரிந்து சுருங்கும். அக்குறுக்கிலும் வளையத்தை ஒட்டிய திசை அசைவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசை அசைவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. பலகைகள் கிண்ணம்போல் குழிவதற்கு இவ்வேறுபாடே காரணம். தேக்கு ஒப்பீட்டளவில் குறைவாக அசையும் மரம்; பழைய பெட்டிகளில் நல்லவை பலவும் தேக்காலானவை என்பது காரணமற்றதன்று.

தோட்டத்துக் கோயிலில் ஆண்டு முழுவதும் ஈரக்காற்றில் இருந்த கருவி, அந்த ஈரத்தோடு ஒருவகைச் சமநிலை எய்திவிடுகிறது. தோட்டங்கள் கைமாறிக் குடும்பங்கள் நகரத்து அடுக்ககங்களுக்கு வந்தபோது கருவியும் குளிரூட்டிய அறைக்கு வந்தது. அங்கே மரம் உலர்ந்து சுருங்கும். இரவில் குளிரூட்டி நின்றதும் மீண்டும் விரியும். ஐம்பது ஆண்டு பழுதின்றி இருந்த மூலைப்பொருத்து, நகர்ப்புறத்தில் இரண்டே ஆண்டில் விட்டுப்போவதன் மருமம் இதுவே. ‘நன்றாக வைத்துக்கொண்டோமே!’ என உடையவர் வியப்பதிலும் பொருளுண்டு.

கறையானும் உளுக்கும் வண்டும் வெவ்வேறு பகைவர்கள். கறையான் தரையோடு தொடர்புடையது. மண்சுரங்கம் கட்டிக்கொண்டு ஏறி, மேற்பரப்பை மெல்லிய தோல்போல் விட்டுவிட்டு உள்ளே உண்ணும். கருவியைத் தரையிலிருந்து அகற்றினாலே பெரும்பாலும் தாக்குதல் நின்றுவிடும். வண்டு அவ்வாறன்று. அதன் புழு மரத்துக்குள்ளேயே வாழும். கருவியைக் கறுப்புத் தாள்மீது சில வாரம் அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். துளைகளுக்கு நேர்கீழே புதிய மாவு விழுந்திருந்தால் புழு உயிரோடிருக்கிறது. மாவு இல்லையேல் துளை பழங்கதை. அருங்காட்சியகங்கள் உயிர்வாயுவை நீக்கிய பையில் பொருளைச் சில வாரங்கள் அடைத்துப் புழுவைக் கொல்கின்றன. பூச்சிமருந்தைத் துருத்தித் தோலின்மீது தெளிப்பது தவறு. மண்ணெண்ணெய் தடவுவது அதனினும் தவறு.

ஒரு பெட்டியின் கதை

பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றின் பஜனைக் குழுவிற்கு உரியதாக இருந்த ஆர்மோனியம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளரின் பார்வைக்கு வந்தது. முப்பத்தொன்பது கட்டைகள், இரட்டை நாவு, தேக்குப் பெட்டி. அடிப்பலகையின் பாதியைக் கறையான் தின்றிருந்தது. இடப்பக்கப் பலகையோ பழைய தேக்கன்று. முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு கடையில் மாற்றிய மரத்தூள் பலகை. அது ஈரத்தில் ஊறிப் பொருக்காய் உதிர்ந்துகொண்டிருந்தது. கறையான் விட்டுவைத்ததைச் செப்பனிட்டவர் கெடுத்திருந்தார் எனலாம்.

உடையவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தம் தந்தையார் வாசித்த பெட்டியை மகள் வாசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் கேட்டது இது: “ஐயா, பெட்டி போனால் போகட்டும். ரீடு நன்றாக இருந்தால் புதுப் பெட்டியில் வைத்துவிடலாமே. சத்தம்தானே அப்பாவுடையது?”

கேள்வி நேர்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏடு சிதைந்தால் புதிய ஏட்டில் படியெடுத்துப் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட மரபு நம்முடையது. குடமுழுக்கின்போது கோயில் திருப்பணியில் பழையன கழிந்து புதியன புகுவதும் நாம் அறிந்ததே. பொருளைவிடப் பயன்பாட்டின் தொடர்ச்சியே பெரிது என்னும் நோக்கு இதனுள் உண்டு. ஆனால் படியெடுக்காமலே ஆற்றில் விட்ட ஏடுகளுக்காக உ.வே.சாமிநாதையர் வருந்தியதையும் நாம் அறிவோம். பழையதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பின்னரே அதைக் கழிக்கலாமா என முடிவு செய்ய இயலும்.

பார்த்தோம். நாவுப்பலகையைத் தூக்கியதும், அடிப்பலகையின் உட்புறத்தில் கரிக்கோலால் எழுதிய வரிகள் தெரிந்தன. கருவியைச் சுருதி சேர்த்தவர் ஒவ்வொரு முறையும் தேதியும், மாற்றிய நாவின் கட்டை எண்ணும் குறித்து வைத்திருந்தார். ஐந்து பதிவுகள் முழுமையாகவும் ஆறாவது பாதியாகவும் இருந்தன. மீதியைக் கறையான் தின்றிருந்தது. ஒரு பதிவின் கீழே வாங்கிய கூலியும் இருந்தது. தோட்டத்து இசைவாழ்வைப் பற்றி எழுத்துச் சான்று அரிதாகவே கிடைக்கும் சூழலில், எறியப்படவிருந்த பலகையே ஆவணமாக நின்றது. ஆசிரியை நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கையெழுத்து அவர் தந்தையாருடையதன்று. யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை.

முடிவெடுக்கும் முறை

1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயம் கட்டடங்களுக்காக வகுக்கப்பட்டது. எனினும் அதன் ஒரு நெறி இசைக்கருவிக்கும் பொருந்தும். இழந்த பகுதிக்கு ஈடாகச் சேர்ப்பது முழுமையோடு இயைய வேண்டும்; அதே வேளையில் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும். பார்ப்பவரைப் பழையது என நம்பவைக்கும் பொய்ச்சாயம் இந்நெறிக்கு மாறானது.

இதன்வழி ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும். பெட்டி முழுமைக்கும் ஒரே தீர்ப்பு வழங்குவதே பொதுவாக நிகழும் பிழை. விட்டுப்போன மூலைப்பொருத்தில் மரம் நலமாக இருந்தால் மீண்டும் ஒட்டினால் போதும். பலகையின் ஓரம் மட்டும் உளுத்திருந்தால், நலமான மரம்வரை வெட்டி, அதே இன மரத்துண்டை நாரோட்டம் ஒத்திருக்கப் பதிக்கலாம். வண்டுத் துளைகளால் வலிவு குன்றியும் வடிவு குன்றாத பலகையை, கரைப்பானில் கரைத்த பிசினை ஊறவிட்டு உறுதிப்படுத்தலாம். காற்றையோ சுமையையோ தாங்க இயலாத நிலையில் மட்டுமே பலகையை மாற்ற வேண்டும். பெட்டி முழுவதையும் மாற்றுவது, பக்கப்பலகைகள் நான்கும் அந்நிலையை அடைந்தபோதுதான். அப்போதும் நாவுப்பலகையைப் பழையதாகவே எடுத்துச் செல்ல வேண்டும். துளைகளின் இடைவெளி, நாவறையின் ஆழம் ஆகியன மாறினால் ஒலியின் நிறமும் மாறும். ‘அப்பாவின் சத்தம்’ அங்கேயே கைநழுவிவிடும்.

மேற்கூறிய கருவியில் பின்பலகையும் வலப்பலகையும் ஒட்டுதலோடு நின்றன. மரத்தூள் பலகை அகற்றப்பட்டது. அதற்காக எவரும் வருந்தவில்லை. அடிப்பலகையே சிக்கல். அது காற்றைத் தாங்கும் நிலையில் இல்லை. ஆனால் எழுத்தோ அதில்தான் இருந்தது. புதிய அடிப்பலகை பொருத்துவது, பழையதன் எஞ்சிய பாதியை உறுதிப்படுத்தித் தனியே ஒரு தட்டையான பேழையில் பாதுகாப்பது, அதன் ஒளிப்படத்தைக் கருவியோடு வைப்பது என முடிவாயிற்று. எழுத்தைக் கருவியிலிருந்து பிரித்தது சரியா என்ற ஐயம் இக்கட்டுரையாளருக்கு இன்றும் உண்டு. பழைய பலகையைப் புதியதன் அடியில் மெல்லிய உறையாக ஒட்டியிருக்கலாம் என்பார் ஓர் அன்பர். அவ்வாறு செய்திருந்தால் அதைப் படிக்க ஒவ்வொரு முறையும் கருவியைப் பிரிக்க நேர்ந்திருக்கும்.

மரத்தேர்வும் பசையும்

புதிய பலகைக்கு ரப்பர் மரத்தைப் பயன்படுத்தலாமே என்று உடையவர் விரும்பினார். பால்மரக் காட்டில் ஒலித்த கருவிக்குப் பால்மரப் பலகை என்பது உள்ளத்தைத் தொடும் எண்ணம். ஆயினும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. போரான் உப்பு ஏற்றிப் பதப்படுத்தாவிடில் வண்டும் பூசணமும் அதைவிட விரும்பும் மரம் இல்லை. பழைய வீட்டுக்கதவிலிருந்து கிடைத்த முதிர்ந்த தேக்குப் பலகையே இறுதியில் பயன்பட்டது. அது முன்பே இந்நாட்டு ஈரத்துக்குப் பழகிய மரம் என்பது அதன் தனிச்சிறப்பு. அதன் வெளிவிளிம்பில், கண்ணில் படாத இடத்தில், மாற்றிய ஆண்டு உளியால் பொறிக்கப்பட்டது.

பசையைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பழைய தச்சர்கள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப்பசையையே கையாண்டனர். பசைத் துணுக்குகளை நீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் வெந்நீர்ச்சட்டிக்குள் வைத்து உருக்கிப் பயன்படுத்துவர். நூறாண்டு கழித்தும் வெப்பமும் ஈரமும் காட்டினால் அது நெகிழ்ந்துவிடும். பொருத்து சிதையாமல் பிரியும். அடுத்து வருபவரும் திறக்க வேண்டும் என்ற மதிப்பு அதில் அடங்கியுள்ளது. இன்றைய வெள்ளைப் பசையும் இரட்டைக் கலவைப் பிசினும் வலிவானவையே. ஆனால் பிரிக்க முயன்றால் பசை விடாது, மரமே பிளக்கும். நம் ஈரக்காற்றில் வச்சிரப்பசை நெகிழுமே என்ற மறுப்பு உண்டு. நீர்படும் இடத்தில் அது உண்மை. நீர்படாத பெட்டியில் அத்தகைய பொருத்துகள் தலைமுறை கடந்தும் நிற்பதைப் பழைய கருவிகளே காட்டுகின்றன. மகிழ்ச்சிக்குரியதன்று எனினும் கூற வேண்டியது: வச்சிரம் உயிர்ப்பொருளாதலால் கரப்பானும் அதை உண்ணும்.

மேற்பூச்சு பெரும்பாலும் அவலரக்காகவே இருக்கும். மறைவான இடத்தில் சாராயம் தோய்த்த பஞ்சால் தொட்டால் அது கரைந்து ஒட்டும். அவ்வாறாயின் முழுவதையும் சுரண்டத் தேவையில்லை. புதிய அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றிவிடும். உப்புத்தாளால் வெள்ளை மரம் தெரியும்வரை தேய்ப்பதை ‘புதுப்பித்தல்’ என்கின்றனர். கைபட்டுத் தேய்ந்த இடங்கள், கட்டைகளுக்குமேல் ஒட்டியிருந்த சரிகமப எழுத்துத் தாள், தயாரித்தவரின் முத்திரை ஆகியவை அத்தேய்ப்பில் போய்விடும்.

வேலையின் ஒழுங்கு

கருவியைத் திறக்குமுன் நாற்புறமும் ஒளிப்படம் எடுக்க வேண்டும். கட்டைகளுக்கு இடமிருந்து வலமாக எண் இட வேண்டும். ஒன்றைப் போலவே தோன்றினும் ஒவ்வொன்றும் தன் இடத்திற்கென இழைக்கப்பட்டது. திருகாணிகளை அவை இருந்த துளைகளின் வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்தல் நன்று. துருவேறி இறுகிய திருகாணியின் தலையை ஈயப்பற்றுக் கோலால் சூடேற்றி, ஆறிய பின் திருகினால் இளகும். நாவுகளை இக்கட்டத்தில் தொடவே கூடாது. பழைய கருவிகள் பலவற்றின் சுருதி இன்றைய 440 அதிர்வு நியமத்தோடு ஒத்துவராது. நாவின் நுனியை அராவினால் சுருதி ஏறும், அடியை அராவினால் இறங்கும். அராவிய பித்தளை மீண்டும் வளராது.

காற்றுக் கசிவை அறிய எளிய வழி ஒன்றுண்டு. துருத்தியை நிரப்பி, இழுப்புக் குமிழ்களை எல்லாம் மூடிவிட்டு, ஊதுவத்திப் புகையை ஒவ்வொரு பொருத்தின் ஓரமாகவும் கொண்டுசெல்ல வேண்டும். கசியும் இடத்தில் புகை விலகி ஓடும். (நெருப்பும் உலர்ந்த மரமும் அருகருகே இருப்பதை மறவாதிருத்தல் நலம்.) நிரம்பிய துருத்தி தானே அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் வேலைக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளலாம். இக்கருவியில் முதலில் அது மூன்று விநாடிகூட நிற்கவில்லை. பக்கப்பலகைகள் ஒட்டப்பட்டு, அடிப்பலகை மென்தோல் வரி வைத்துத் திருகப்பட்ட பின் இருபது விநாடியைக் கடந்தது. அடிப்பலகையை ஒட்டாமல் திருகாணியால் பொருத்தியது வேண்டுமென்றே செய்ததாகும். மரம் அசைய இடம் வேண்டும். அடுத்தவர் திறக்கவும் வழி வேண்டும்.

வேலை முடிய ஐந்து மாதம் ஆயிற்று. அதிற்பாதி, பசை உலரவும் மரம் அறையின் ஈரத்துக்கு இணங்கவும் காத்திருந்த காலம். புதிய பெட்டி வாங்கியிருந்தால் இதனினும் குறைந்த செலவில் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடையவரிடம் தொடக்கத்திலேயே அதைக் கூறிவிடுவது செப்பனிடுபவரின் கடமை.

புதிய அடிப்பலகையின் உட்புறத்தில், பழைய பதிவுகள் இருந்த அதே இடத்தில், தேதியும் செய்த வேலையும் கரிக்கோலால் எழுதப்பட்டன. பழைய கைக்குப் பழகியதால் கூலியையும் எழுதலாமா என்று தச்சர் கேட்டார். எழுதினார். அடைமழை நாள்களில் நான்கரைக் கட்டை இன்னும் சற்று இறுகித் தாமதமாகவே மேலெழுகிறது. அதன் பக்கத்தை இழைக்கத் தேவையில்லை, வெயில் வந்தால் தானே சரியாகிறது என்று ஆசிரியையின் மகள் கூறியுள்ளார். எனவே அது அப்படியே விடப்பட்டுள்ளது.